இடம்பெயர்வும் மாநில, உள்ளூர் வருமான வரியும் (ஐக்கிய அமெரிக்கா)

ஐக்கிய அமெரிக்காவில் ஒருவர் ஒரு மாநிலத்திலிருந்து மற்றொரு மாநிலத்திற்கோ, ஒரு நகரத்திலிருந்து மற்றொரு நகரத்திற்கோ குடிபெயரும்போது, அவர் செலுத்த வேண்டிய வருமான வரியும் மாறக்கூடும். மத்திய அரசின் வருமான வரி நாடு முழுவதும் ஒன்றே. ஆனால் மாநில வரியும் உள்ளூர் வரியும் இடத்துக்கு இடம் வேறுபடுகின்றன. இடம்பெயர்ந்த ஆண்டில் ஒரே சம்பளத்தின் மீது இரண்டு மாநிலங்கள் உரிமை கோருவதும், சில நேரம் இரண்டிலும் கணக்கு தாக்கல் செய்ய நேர்வதும் வழக்கமானவை. விதிகள் பலவாக இருந்தாலும், அவை அனைத்தும் இரண்டு கேள்விகளிலிருந்தே கிளைக்கின்றன: வருமானம் வந்தபோது அவர் எங்கே வசித்தார்? அந்த வருமானம் எங்கே ஈட்டப்பட்டது?

இக்கட்டுரையில் தரப்படும் வரி வீதங்கள் 2025ஆம் ஆண்டு நிலவரப்படியானவை. மாநிலச் சட்டமன்றங்கள் வீதங்களை அடிக்கடி மாற்றுவதால், கணக்கு தாக்கல் செய்யும் ஆண்டுக்குரிய வீதத்தை அந்தந்த மாநில வருவாய்த் துறையின் தளத்தில் சரிபார்க்க வேண்டும்.

வரியின் மூன்று அடுக்குகள்

அமெரிக்காவில் வருமான வரி மூன்று அடுக்குகளில் விதிக்கப்படலாம்.

முதல் அடுக்கு மத்திய அரசின் வரி. 1913ஆம் ஆண்டு அரசியலமைப்பின் 16ஆவது திருத்தம் நடைமுறைக்கு வந்தபின் இது நிலைபெற்றது. இரண்டாவது அடுக்கு மாநில வரி. விஸ்கான்சின் மாநிலம் 1911ஆம் ஆண்டிலேயே, அதாவது மத்திய அரசுக்கு முன்பே, வெற்றிகரமான வருமான வரி முறையொன்றை நிறுவியது. மூன்றாவது அடுக்கு உள்ளூர் வரி. நகரம், கவுன்டி (மாநிலத்தின் உட்பிரிவான மாவட்டம்), பள்ளி மாவட்டம் ஆகியவை சில மாநிலங்களில் தனியே வருமான வரி விதிக்கின்றன.

மூன்று அடுக்குகளும் எல்லோருக்கும் பொருந்துவதில்லை. டெக்சாசின் ஹூஸ்டனில் வசித்து அங்கேயே வேலை செய்பவருக்கு முதல் அடுக்கு மட்டுமே உண்டு. இல்லினாயின் சிகாகோவில் இருப்பவருக்கு முதல் இரண்டும் உண்டு. நியூயார்க் நகரவாசிக்கு மூன்றும் உண்டு.

மாநிலங்களுக்கிடையே உள்ள வேறுபாடுகள்

சம்பளத்தின் மீது வருமான வரி விதிக்காத மாநிலங்கள் ஒன்பது: அலாஸ்கா, புளோரிடா, நெவாடா, நியூ ஹாம்ப்சயர், தெற்கு டகோட்டா, டென்னசி, டெக்சாஸ், வாஷிங்டன், வயோமிங். இவற்றுள் வாஷிங்டன் மாநிலம் 2022 முதல், குறிப்பிட்ட வரம்பைத் தாண்டும் நீண்டகால மூலதன ஆதாயத்தின் மீது வரி விதித்து வருகிறது.

மற்ற 41 மாநிலங்களும் தலைநகர்ப் பகுதியான வாஷிங்டன் டி.சி.யும் சம்பளத்தின் மீது வரி விதிக்கின்றன. இவற்றின் வரி முறைகள் இரு வகைப்படும்.

ஒரே வீத வரி: வருமானம் எவ்வளவாக இருந்தாலும் வீதம் ஒன்றே. பென்சில்வேனியாவில் 3.07%, இல்லினாயில் 4.95%, மிச்சிகனில் 4.25%, அரிசோனாவில் 2.5%.

படிநிலை வரி: வருமானம் உயர உயர, கூடுதல் தொகைக்கான வீதமும் உயரும். கலிபோர்னியாவில் வீதம் 1% இல் தொடங்கி 12.3% வரை செல்கிறது. பத்து இலட்சம் டாலருக்கு மேற்பட்ட வருமானத்திற்கு மேலும் 1% சேர்கிறது. நியூயார்க் மாநிலத்தின் மிக உயர்ந்த வீதம் 10.9%.

வசிப்பிடமும் வருமான மூலமும்

ஒரு மாநிலம் ஒருவரிடம் வரி கேட்க இரண்டு அடிப்படைகள் உள்ளன.

வசிப்பிட அடிப்படை: தன் எல்லைக்குள் வசிப்பவரின் வருமானம் உலகில் எங்கிருந்து வந்தாலும், அதற்கு மாநிலம் வரி விதிக்கலாம். சம்பளம், வங்கி வட்டி, பங்காதாயம், பிற மாநிலத்தில் உள்ள வீட்டின் வாடகை அனைத்தும் இதில் அடங்கும்.

மூல அடிப்படை: தன் எல்லைக்குள் ஈட்டப்பட்ட வருமானத்திற்கு, ஈட்டியவர் எங்கே வசித்தாலும் மாநிலம் வரி விதிக்கலாம். சம்பளத்தைப் பொறுத்தவரை, பொதுவாக வேலை செய்பவர் உடலளவில் எங்கே இருந்து வேலை செய்தாரோ அதுவே மூலம். நிறுவனத்தின் தலைமையகம் இருக்கும் இடம் பெரும்பாலும் பொருட்டல்ல. வாடகைக்கு, வீடு அமைந்துள்ள மாநிலமே மூலம். வங்கி வட்டி, பங்காதாயம் போன்றவற்றுக்குப் பெரும்பாலும் மூல மாநிலம் என ஒன்று இல்லை. அவை கிடைத்தபோது ஒருவர் வசித்த மாநிலமே அவற்றுக்கு வரி விதிக்கும்.

இதன்படி மாநிலங்கள் மக்களை மூன்று வகையாகப் பிரிக்கின்றன. ஆண்டு முழுவதும் இருந்தவர் முழு ஆண்டு வசிப்பவர். ஆண்டின் நடுவில் வந்தவர் அல்லது சென்றவர் பகுதியாண்டு வசிப்பவர். அங்கு வசிக்காமல் அங்கிருந்து வருமானம் மட்டும் பெறுபவர் வசிக்காதவர். ஆண்டின் நடுவில் இடம்பெயர்ந்தவர் பொதுவாகப் பழைய, புதிய மாநிலங்கள் இரண்டிலும் பகுதியாண்டு வசிப்பவர் ஆவார்.

வசிப்பிடம் எவ்வாறு தீர்மானிக்கப்படுகிறது?

ஒருவர் எந்த இடத்தைத் தன் நிலையான வீடாகக் கொண்டு, வெளியே சென்றாலும் திரும்பி வரும் எண்ணத்துடன் இருக்கிறாரோ அதுவே அவருடைய நிலையான வசிப்பிடம். ஒருவருக்குப் பல வீடுகள் இருக்கலாம். நிலையான வசிப்பிடம் ஒரு நேரத்தில் ஒன்றே. புதிய இடத்தில் நிலையாகத் தங்கும் எண்ணத்துடன் குடியேறும்வரை பழைய வசிப்பிடம் நீடிப்பதாகவே சட்டம் கருதுகிறது.

எண்ணத்தை நேரடியாக அளக்க முடியாது என்பதால், அதிகாரிகள் செயல்களைப் பார்க்கின்றனர். ஓட்டுநர் உரிமம், வாகனப் பதிவு, வாக்காளர் பதிவு, வீட்டு வாடகை ஒப்பந்தம், குடும்பத்தினர் வசிக்கும் இடம், பிள்ளைகளின் பள்ளி, வங்கிக் கணக்கின் முகவரி போன்றவை சான்றுகளாகின்றன. நியூயார்க் மாநிலம் தன் தணிக்கைகளில் வீடு, தொழில் ஈடுபாடு, செலவிட்ட காலம், மனத்துக்கு நெருக்கமான உடைமைகள், குடும்பம் ஆகிய ஐந்தையும் முதன்மையாக ஆராய்கிறது.

நிலையான வசிப்பிடம் வேறு மாநிலத்தில் இருந்தாலும், நாள் கணக்கால் ஒருவர் வசிப்பவராகிவிடலாம். நியூயார்க்கில் நிலையாகத் தங்கத்தக்க வீடொன்றை வைத்துக்கொண்டு, ஆண்டில் 183 நாட்களுக்கு மேல் அம்மாநிலத்தில் இருந்தவர் வரிக்கு அங்கு வசிப்பவரே. பொதுவாக ஒரு நாளின் ஒரு பகுதி அங்கு கழிந்தாலும் அது முழு நாளாக எண்ணப்படும். 183 நாட்களுக்குக் குறைவாக இருந்தால் எந்த மாநிலத்திலும் வரி இல்லை என்ற பரவலான நம்பிக்கை தவறானது. அந்த எண் வசிப்பிடத்தைப் பற்றியது மட்டுமே. அங்கே ஈட்டிய சம்பளத்திற்கான வரியை அது நீக்குவதில்லை.

இடம்பெயர்ந்த ஆண்டின் கணக்கு

முதல் வேலை, இடம்பெயர்ந்த நாளை உறுதி செய்வது. அந்த நாள் ஆண்டை இரண்டாகப் பிரிக்கிறது. அதற்கு முந்தைய வருமானம் பழைய மாநிலத்தையும், பிந்தையது புதிய மாநிலத்தையும் சேரும். நாள் குறித்த ஐயம் எழுந்தால் வாடகை ஒப்பந்தம், சரக்கு வண்டிக் கட்டணச் சீட்டு, விமானச் சீட்டு, மின் இணைப்பு தொடங்கிய தேதி ஆகியவை உதவும்.

சம்பளத்தைப் பிரிப்பது எளிது. சிக்கல் தருபவை வேறு சில.

பழைய மாநிலத்தில் செய்த வேலைக்கான ஊதியமோ ஊக்கத்தொகையோ, இடம்பெயர்ந்த பின் கைக்கு வந்தாலும் பழைய மாநிலத்தின் மூல வருமானமாகவே கருதப்படக்கூடும். தகவல் தொழில்நுட்ப நிறுவனங்கள் ஊழியருக்கு வழங்கும் பங்குகளும் இப்படித்தான். பங்கு ஒதுக்கப்பட்ட நாள் முதல் அது ஊழியருக்கு உரிமையாகும் நாள் வரையிலான காலத்தில், எத்தனை வேலை நாட்கள் கலிபோர்னியாவில் கழிந்தனவோ அந்த விகிதத்தில் கலிபோர்னியா வரி கேட்கும். ஊழியர் அதற்குள் டெக்சாசுக்குச் சென்றிருந்தாலும் இது பொருந்தும்.

ஓய்வூதியத்தின் நிலை வேறு. 1996ஆம் ஆண்டின் மத்தியச் சட்டம் ஒன்று, தன் எல்லையை விட்டு வெளியேறியவரின் தகுதிபெற்ற ஓய்வூதிய வருமானத்திற்கு மாநிலம் வரி விதிப்பதைத் தடை செய்கிறது. எனவே கலிபோர்னியாவில் பணியாற்றி ஓய்வுபெற்று நெவாடாவில் குடியேறியவரின் ஓய்வூதியத்தைக் கலிபோர்னியா தொட முடியாது.

படிநிலை வரி உள்ள மாநிலங்களில் பலர் எதிர்பாராத ஒன்று உண்டு. டெக்சாசில் ஆறு மாதம் வேலை செய்துவிட்டு ஜூலையில் கலிபோர்னியா வந்தவரின் டெக்சாஸ் சம்பளத்திற்குக் கலிபோர்னியா வரி விதிப்பதில்லை. ஆனால் எந்த வீதத்தில் வரி விதிப்பது என்பதை முடிவு செய்ய, முழு ஆண்டு வருமானத்தையும் பார்க்கிறது. ஆண்டு முழுவதும் அங்கேயே வசித்திருந்தால் என்ன சராசரி வீதம் வருமோ, அந்த வீதம் கலிபோர்னியா பகுதிக்குப் பயன்படுத்தப்படும். ஆகவே அரை ஆண்டுச் சம்பளத்திற்குக் குறைந்த படியின் வீதம் கிடைக்கும் என்று கணக்கிடுபவர், ஏப்ரலில் கூடுதல் தொகை கட்ட நேரிடும்.

ஓர் எடுத்துக்காட்டு

மாதம் 6,000 டாலர் சம்பளம் பெறும் ஒருவர், ஜூன் 30 வரை சிகாகோவில் வேலை செய்து, ஜூலை 1 முதல் பென்சில்வேனியாவின் பிட்ஸ்பர்க் நகரில் குடியேறி அதே சம்பளத்தில் புதிய வேலையில் சேர்கிறார் என்று கொள்வோம். எளிமைக்காகத் தனிநபர் விலக்குகளை விட்டுவிடலாம்.

இல்லினாய்: 36,000 டாலருக்கு 4.95% வீதம் 1,782 டாலர்.
பென்சில்வேனியா: 36,000 டாலருக்கு 3.07% வீதம் 1,105.20 டாலர்.
பிட்ஸ்பர்க் நகரம், பள்ளி மாவட்டம்: 36,000 டாலருக்கு மொத்தம் 3% வீதம் 1,080 டாலர்.

மாநில வீதத்தை மட்டும் பார்த்தால், இவர் 4.95% இலிருந்து 3.07% க்கு வந்து ஆதாயம் அடைந்தவர் போலத் தோன்றும். உள்ளூர் வரியைச் சேர்த்தால் புதிய இடத்தின் வீதம் 6.07%. அரையாண்டுக்கு 2,185.20 டாலர், அதாவது பழைய இடத்தைவிட 403.20 டாலர் கூடுதல். வேலை வாய்ப்புகளை ஒப்பிடும்போது மாநில வீதத்தை மட்டும் பார்ப்பது போதாது என்பதற்கு இது ஒரு சான்று.

உள்ளூர் வருமான வரிகள்

உள்ளூர் வரி விதிக்கும் மாநிலங்கள் குறைவு என்றாலும், அவற்றுள் ஒவ்வொன்றின் முறையும் தனித்தன்மை உடையது.

நியூயார்க் நகரம்: நகரவாசிகளுக்கு 3.078% முதல் 3.876% வரை வரி உண்டு. மாநிலக் கணக்குடனேயே இது தாக்கல் செய்யப்படுகிறது. வெளியிலிருந்து வந்து வேலை செய்பவர்களுக்கான நகர வரி 1999இல் நீக்கப்பட்டது. எனவே புரூக்ளினிலிருந்து நியூ ஜெர்சிக்குக் குடிபெயர்பவர், வேலையிடம் மாறாவிட்டாலும் நகர வரியிலிருந்து விடுபடுகிறார். நியூயார்க் மாநில வரியிலிருந்து விடுபடுவதில்லை.

மேரிலாந்து: எல்லா கவுன்டிகளும் பால்டிமோர் நகரமும் வரி விதிக்கின்றன. வீதம் 2.25% முதல் 3.3% வரை. ஆண்டின் கடைசி நாளில் வசித்த கவுன்டியின் வீதம் பொருந்தும்.

இந்தியானா: மாநிலத்தின் 92 கவுன்டிகளும் வரி விதிக்கின்றன. இங்கு கணக்கில் கொள்ளப்படுவது ஜனவரி 1 அன்று வசித்த கவுன்டி. பிப்ரவரியில் வேறு கவுன்டிக்கு மாறினாலும் அந்த ஆண்டு முழுவதற்கும் பழைய கவுன்டியின் வீதமே.

ஒகையோ: நகரங்கள் வரி விதிக்கின்றன. கொலம்பஸ், கிளீவ்லாந்து இரண்டிலும் வீதம் 2.5%. வேலை செய்யும் நகரம் முதலில் வரி எடுத்துக்கொள்ளும். வசிக்கும் நகரம் அதை முழுவதுமாகவோ, பகுதியாகவோ கழித்துக்கொள்ளலாம், கழிக்காமலும் விடலாம். இது நகரத்துக்கு நகரம் மாறும். சில பள்ளி மாவட்டங்களும் தம் எல்லையில் வசிப்போரிடம் தனி வரி வாங்குகின்றன.

பென்சில்வேனியா: பிலடெல்பியா நகரம் 2025 ஜூலை முதல் நகரவாசிகளிடம் 3.74%, வெளியிலிருந்து வந்து வேலை செய்பவர்களிடம் 3.43% ஊதிய வரி வாங்குகிறது. பிற பகுதிகளில் ஊராட்சியும் பள்ளி மாவட்டமும் சேர்ந்து ஈட்டிய வருமானத்தின் மீது வரி விதிக்கின்றன. வேலையில் சேரும்போதே வசிப்பிடச் சான்றுப் படிவம் ஒன்றை நிரப்பித் தர வேண்டும். அதில் ஊரைக் குறிக்கும் ஆறு இலக்க எண் இருக்கும். அஞ்சல் முகவரியில் உள்ள ஊர்ப் பெயரும் உண்மையான ஊராட்சியும் வேறாக இருக்கலாம் என்பதால், இந்த எண்ணைத் தவறாக எழுதினால் வரி வேறோர் ஊருக்குச் சென்றுவிடும்.

மிச்சிகன்: 24 நகரங்கள் வரி விதிக்கின்றன. டெட்ராயிட்டில் வசிப்பவருக்கு 2.4%, வெளியிலிருந்து வந்து வேலை செய்பவருக்கு 1.2%.

மிசூரியில் செயின்ட் லூயிசும் கான்சஸ் சிட்டியும் 1% வரி விதிக்கின்றன.

வசிப்பது ஓரிடம், வேலை வேறிடம்

குடிபெயர்ந்த பின்னும் பழைய மாநிலத்தில் வேலையைத் தொடர்பவர்கள் உண்டு. அப்போது வேலை செய்யும் மாநிலம் மூல அடிப்படையிலும், வசிக்கும் மாநிலம் வசிப்பிட அடிப்படையிலும் ஒரே சம்பளத்திற்கு வரி கேட்கும். இரட்டை வரியைத் தவிர்க்க இரண்டு வழிகள் உள்ளன.

முதலாவது, வரி வரவு. வேலை செய்யும் மாநிலத்திற்குக் கட்டிய வரியை, வசிக்கும் மாநிலம் தனக்குரிய வரியிலிருந்து கழித்துக்கொள்கிறது. ஆனால் தான் விதிக்கும் வரிக்கு மேல் கழிக்காது. ஆகவே இரண்டு வீதங்களில் எது அதிகமோ அதுவே ஏறத்தாழ மொத்தச் சுமையாகும். மேரிலாந்து மாநிலம் இந்த வரவைக் கவுன்டி வரிக்குத் தர மறுத்து வந்தது. 2015ஆம் ஆண்டு வின் வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் 5–4 என்ற பெரும்பான்மையில் அது அரசியலமைப்புக்கு எதிரானது எனத் தீர்ப்பளித்தது.

இரண்டாவது, பரஸ்பர ஒப்பந்தம். சில அண்டை மாநிலங்கள், ஒருவர் மற்றவரின் குடிமக்களது சம்பளத்திற்கு வரி விதிப்பதில்லை என உடன்பட்டுள்ளன. நியூ ஜெர்சி–பென்சில்வேனியா, மேரிலாந்து–வர்ஜீனியா ஆகியவை எடுத்துக்காட்டுகள். இல்லினாய் மாநிலம் அயோவா, கென்டக்கி, மிச்சிகன், விஸ்கான்சின் ஆகிய நான்குடன் ஒப்பந்தம் செய்துள்ளது. நியூயார்க்–நியூ ஜெர்சி இடையே இத்தகைய ஒப்பந்தம் இல்லை. மேலும் இவை மாநில வரிக்கே உரியவை. நியூ ஜெர்சியிலிருந்து பிலடெல்பியா சென்று வேலை செய்பவர் பென்சில்வேனியா மாநில வரியிலிருந்து தப்பினாலும், பிலடெல்பியா நகர வரியிலிருந்து தப்ப முடியாது.

வீட்டிலிருந்து வேலை செய்பவர்களுக்கு நியூயார்க்கின் விதி ஒன்று முக்கியமானது. நியூயார்க் அலுவலகத்தைச் சேர்ந்த ஊழியர், நிறுவனத்தின் தேவைக்காக அல்லாமல் தன் வசதிக்காக வேறு மாநிலத்திலிருந்து வேலை செய்தால், அந்த நாட்களும் நியூயார்க்கில் வேலை செய்தவையாகவே எண்ணப்படும். புளோரிடாவுக்குக் குடிபெயர்ந்து அங்கிருந்தே நியூயார்க் அலுவலகத்திற்கு வேலை செய்பவர், நியூயார்க் வரியைத் தொடர்ந்து கட்ட நேரலாம். புளோரிடாவில் வருமான வரி இல்லாததால் கழித்துக்கொள்ளவும் வழியில்லை.

சம்பளப் பிடித்தமும் படிவங்களும்

மாநில வரி பெரும்பாலும் சம்பளத்திலிருந்தே பிடிக்கப்படுகிறது. முகவரி மாறியதை நிறுவனத்தின் சம்பளப் பிரிவுக்குத் தெரிவிக்காவிட்டால் பழைய மாநிலத்திற்கே பிடித்தம் தொடரும். இதைப் புதிய மாநிலம் தன் கணக்கில் வரவு வைக்காது. வரி வரவு என்பது வேறு மாநிலத்திற்கு உண்மையில் செலுத்த வேண்டியிருந்த வரிக்கே உரியது. தவறாகப் பிடிக்கப்பட்ட தொகைக்கு அல்ல. எனவே பழைய மாநிலத்தில் கணக்கு தாக்கல் செய்து பணத்தைத் திரும்பப் பெற வேண்டும். அது வந்து சேர்வதற்கு முன்பே புதிய மாநிலத்திற்குக் கையிலிருந்து கட்ட வேண்டியிருக்கும்.

ஆண்டு முடிவில் நிறுவனம் தரும் டபிள்யூ-2 படிவத்தில், 15 முதல் 17 வரையான பெட்டிகள் மாநிலம், மாநிலச் சம்பளம், மாநிலப் பிடித்தம் ஆகியவற்றையும், 18 முதல் 20 வரையான பெட்டிகள் உள்ளூர்ச் சம்பளம், உள்ளூர்ப் பிடித்தம், ஊரின் பெயர் ஆகியவற்றையும் காட்டும். இவற்றைக் கடைசிச் சம்பளச் சீட்டுகளுடன் ஒப்பிட்டுப் பார்ப்பது நல்லது. தவறு இருந்தால் திருத்திய படிவம் கேட்கலாம்.

பகுதியாண்டு வசிப்போருக்குத் தனிப் படிவங்கள் உள்ளன. கலிபோர்னியாவில் 540என்ஆர், நியூயார்க்கில் ஐடி-203 ஆகியவை அவை. பெரும்பாலான மாநிலங்களின் கடைசி நாள் ஏப்ரல் 15. வர்ஜீனியாவில் மே 1. முதலில் மத்திய அரசின் கணக்கை முடித்து, அடுத்து வசிக்காதவராகக் கட்டும் மாநிலத்தின் கணக்கையும், இறுதியில் வரி வரவு தரும் வசிப்பிட மாநிலத்தின் கணக்கையும் முடிப்பது வசதியான வரிசை.

அயல்நாட்டு மாணவர்கள்

ஒரு மாநிலத்தில் படிப்பை முடித்து வேலைக்காக வேறு மாநிலம் செல்லும் இந்திய, இலங்கை மாணவர்களுக்கும் மேற்கூறிய விதிகள் பொருந்தும். அவர்களைப் பொறுத்தவரை கூடுதல் குழப்பம் சொற்களால் வருவது. எப்-1 விசாவில் உள்ள மாணவர் பொதுவாக முதல் ஐந்து நாட்காட்டி ஆண்டுகளுக்கு மத்திய வரிச் சட்டப்படி நாட்டில் வசிக்காத அயலார் ஆவார். ஆனால் மாநிலம் தன் சொந்த விதிப்படி அவரை வசிப்பவராகக் கருதலாம். ஆகவே ஒரே ஆண்டில் மத்தியப் படிவத்தில் வசிக்காதவர் எனவும், மாநிலப் படிவத்தில் வசிப்பவர் எனவும் எழுதுவது முரண்பாடு ஆகாது.

அதுபோலவே, மத்திய அரசு பிற நாடுகளுடன் செய்துள்ள வரி ஒப்பந்தங்களை எல்லா மாநிலங்களும் ஏற்பதில்லை. கலிபோர்னியா, பென்சில்வேனியா முதலியவை பொதுவாக அவற்றின் விலக்குகளைத் தம் வரிக்குப் பயன்படுத்துவதில்லை.

கணக்கு தாக்கல் செய்யாவிட்டால்

மத்திய வருவாய்த் துறை தன் தகவல்களை மாநிலங்களுடன் பகிர்கிறது. எனவே பழைய மாநிலத்திலிருந்தோ புதிய மாநிலத்திலிருந்தோ சில ஆண்டுகள் கழித்தும் கடிதம் வரலாம். கணக்கு தாக்கல் செய்திருந்தால், மாநிலம் கூடுதல் வரி கேட்பதற்குப் பெரும்பாலும் மூன்று அல்லது நான்கு ஆண்டு கால வரம்பு உண்டு. தாக்கலே செய்யாவிட்டால் அந்த வரம்பு பொதுவாகத் தொடங்குவதே இல்லை. வட்டியும் தண்டமும் கூடிக்கொண்டே போகும். மறுபுறம், திரும்பப் பெற வேண்டிய பணத்திற்கான கால வரம்பு கடந்துவிட்டால் அது கிடைக்காமலே போகும்.

எனவே குடிபெயர்ந்த வாரத்திலேயே முகவரி மாற்றத்தைச் சம்பளப் பிரிவுக்குத் தெரிவிப்பதும், புதிய ஊருக்கு உள்ளூர் வரி உண்டா என்று பார்ப்பதும், இடம்பெயர்ந்த நாளைக் காட்டும் சான்றுகளை எடுத்து வைப்பதும் இன்றியமையாதவை. இம்மூன்றும் செய்தவருக்கு, இரண்டு மாநிலக் கணக்கு என்பது கூடுதலாக ஒரு படிவம் நிரப்பும் வேலையாக மட்டுமே இருக்கும்.